தோட்டத்தில் எறும்பும் இரம்ப ஈயும்: பகை எது, நட்பு எது?

செடியில் எறும்பு ஊர்வதைக் கண்டதும் தூள் மருந்தைத் தூவுவதும், இலையில் புழுவைக் கண்டதும் கையில் கிடைத்த மருந்தைத் தெளிப்பதும் பல தோட்டங்களில் வழக்கமாக உள்ளது. இதனால் பணம் வீணாவதுடன் நன்மை செய்யும் பூச்சிகளும் மடிகின்றன. எறும்பு, இரம்ப ஈ, குளவி, தேனீ ஆகியவை பூச்சியியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இவற்றுள் பயிரைக் கெடுப்பவையும் உண்டு, காப்பவையும் உண்டு. ஆகவே, இன்னது என்று அறிந்த பின்னரே மருந்தைப் பற்றி எண்ண வேண்டும்.

கடுகு இரம்ப ஈ

முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோசு, காலிபிளவர் ஆகிய பயிர்களைக் குளிர்காலத்தில் தாக்கும். தாய்ப்பூச்சி ஆரஞ்சு மஞ்சள் நிறமுடையது. இறக்கைகள் புகை படிந்தாற்போல் இருக்கும். இரம்பம் போன்ற உறுப்பால் இலையோரத்தைக் கீறி உள்ளே முட்டையிடுவதால் இப்பெயர் வந்தது. புழுக்கள் இலையைத் துளைத்துத் தின்னும். நாற்றுப் பருவத்தில் சேதம் மிகுதி.

இப்புழுவைப் பலரும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு என்று எண்ணிவிடுகின்றனர். வேறுபாட்டை எளிதில் அறியலாம். அந்துப்பூச்சியின் புழு வெளிர் பச்சை. தொட்டால் நெளிந்து நூலிழையில் தொங்கும். இரம்ப ஈயின் புழு கரும்பச்சை. முதுகில் நீளவாட்டில் கருங்கோடுகள் இருக்கும். தொட்டால் சுருண்டு, செத்ததுபோல் மண்ணில் விழும். ஐயம் நீங்கக் கால்களை எண்ணிப் பாருங்கள். மார்பிலுள்ள 3 ஜோடிக் கால்களை விட்டுவிட்டு, வயிற்றுப் பகுதியிலுள்ள சதைக் கால்களை மட்டும் எண்ண வேண்டும். அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு இவை 5 ஜோடிக்கு மேல் இருப்பதில்லை. இரம்ப ஈயின் புழுவுக்கு 8 ஜோடி இருக்கும்.

கால்களை எண்ணுவது வீண் வேலையன்று. அந்துப்பூச்சிப் புழுக்களுக்கென விற்கப்படும் பி.டி. பாக்டீரியா மருந்து இரம்ப ஈயின் புழுவைக் கொல்லாது. அதைத் தெளித்துவிட்டுக் காத்திருந்தால், பலன் தெரியும் முன்பே நாற்றுகள் மொட்டையாகிவிடும்.

கட்டுப்படுத்த, காலையிலும் மாலையிலும் புழுக்களைப் பொறுக்கி அழிக்கவும். புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாவதால், அறுவடைக்குப் பின் பாத்தியை ஆழக் கொத்தி வெயிலில் காயவிடவும். தாக்குதல் மிகுந்தால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டவும். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

எறும்பு ஏறுவது ஏன்?

கொய்யா, பப்பாளி, செம்பருத்தி ஆகியவற்றில் எறும்புகள் சாரை சாரையாக ஏறினால், பெரும்பாலும் மேலே அசுவினியோ, மாவுப்பூச்சியோ, செதில் பூச்சியோ இருக்கும். இவை சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை வெளியேற்றும். அதை உண்ணவே எறும்பு வருகிறது. கழிவு படிந்த இலையில் கரும்பூசணம் வளர்கிறது. தனக்கு உணவு தரும் பூச்சிகளைக் காக்க, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் எறும்பு விரட்டிவிடும்.

இக்குளவிகளின் மதிப்பை நாம் நேரில் கண்டிருக்கிறோம். 2008-இல் கோவையில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றில் பெருஞ்சேதம் விளைவித்தது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவியே அதை அடக்கியது. இத்தகைய நண்பர்கள் தடையின்றிப் பணி செய்ய, எறும்பின் வழியை அடைக்க வேண்டும்.

சுவரையும் பக்கத்து மரத்தையும் தொடும் கிளைகளை வெட்டவும். அடிமரத்தில் பிளாஸ்டிக் தாள் பட்டையை இறுகச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவவும்; பட்டையில் நேரடியாகத் தடவ வேண்டாம். அசுவினியை வேகமான நீர்ப்பாய்ச்சலால் கழுவலாம். மாவுப்பூச்சி மிகுந்த நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு கலந்து தெளிக்கவும்.

விதையைத் தூக்கும் எறும்பு

கீரை விதைத்த பாத்தியில் விதை காணாமற் போவதற்கு எறும்பு காரணமாகலாம். விதைத்தவுடன் மணல் தூவி மூடி, பாத்தியைச் சுற்றிச் சிறிது குருணை இட்டால் எறும்பு அங்கே திரும்பும். முன்பு இதற்குப் பயன்பட்ட பி.எச்.சி. தூள் 1997 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு எங்கேனும் கிடந்தால் உண்ணும் கீரையில் அதைத் தூவவே கூடாது.

விட்டுவிட வேண்டியவை

மாமரத்திலும் முந்திரியிலும் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு பல பூச்சிகளைத் தின்னும். சீனாவில் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பே இதன் கூடுகளை வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டினர். இது மாவுப்பூச்சியையும் காப்பதுண்டு. ஆதலால் மாவுப்பூச்சி இல்லாத மரத்தில் மட்டும் விட்டுவைக்கலாம். ரோஜா இலையின் ஓரம் அரைவட்டமாகக் கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை, கூட்டுக்குக் கொண்டுசெல்கிறது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் அதற்கு மருந்து வேண்டாம்.

தோட்டத்தில் எறும்பைக் கண்டால் செடியின் நுனியைப் பாருங்கள். புழுவைக் கண்டால் கால்களை எண்ணுங்கள். தெளிப்பானை எடுக்கும் முன் இந்த இரண்டையும் செய்தால் வீண் செலவு குறையும். நமக்காக உழைக்கும் பூச்சிகளும் பிழைக்கும்.