வல்லநாட்டு கணேசன், 'டெல்லி கணேஷ்' ஆன கதை!

கல்யாண வீட்டு சாம்பாரில் மீன் விழுந்த காட்சியை டி.வி-யில் எத்தனை முறை போட்டாலும் சேனல் மாற்றாமல் பார்க்கிறோம். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் அந்த பாலக்காடு மணி ஐயர், நிஜத்தில் பாலக்காட்டுக்காரர் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வல்லநாட்டில், 1944 ஆகஸ்ட் 1-ம் தேதி பிறந்தவர். சொந்தப் பெயர் கணேசன்.

ராணுவ உடையிலிருந்து ஒப்பனைக்கு...

1964-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்தார் கணேசன். பத்து வருட சர்வீஸ். டெல்லியில் இருந்த காலத்தில், தலைநகர்த் தமிழர்களின் 'தட்சிண பாரத நாடக சபா'வில் நடித்தார். பகலில் படைப் பணி, மாலையில் ஒத்திகை. மேடை ஆசை ஜெயித்தது. 1974-ல், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டு வந்தார். அப்போது வயது 30. சினிமாவில் கதாநாயகனாக வேண்டும் என்றால் அது தாமதமான வயது. ஆனால், அவர் நம்பியது முகத்தை அல்ல, நடிப்பை!

சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழு அவருக்கு இடம் கொடுத்தது. விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே.பாலசந்தர் படமாக்கியபோது, 1977-ல் திரைக்கு வந்தார். 'டெல்லி கணேஷ்' என்ற பெயரைச் சூட்டியதும் பாலசந்தர்தான்.

ரிக்‌ஷாக்காரர் முதல் மிருதங்கக்காரர் வரை

'பசி' (1979) படத்தில் சென்னைக் குடிசைப் பகுதி ரிக்‌ஷாக்காரர். ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கித்தந்த அந்தப் படம், டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசைத் தந்தது. 'எங்கம்மா மகாராணி'யில் கதாநாயகனாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால், அவருக்கான சிம்மாசனம் வேறு இடத்தில் இருந்தது.

'சிந்து பைரவி'யில் குடித்துவிட்டு வந்ததற்காகக் கச்சேரியிலிருந்து விலக்கப்படும் மிருதங்கம் குருமூர்த்தி, 'நாயகன்' ஐயர், 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன், 'அவ்வை சண்முகி'யின் சேதுராம ஐயர்... ஒரு முகம், எத்தனை மனிதர்கள்! மேடையில் 'டேக் டூ' கிடையாது. அங்கே பழகிய டைமிங்தான், அவரது வசனங்களில் சிரிப்பு சரியான நொடியில் வெடிக்கக் காரணம்.

வரவேற்பறைக்கு வந்த அப்பா

400-க்கும் மேற்பட்ட படங்கள், 1994-ல் கலைமாமணி. அதற்குப் பிறகும் சின்னத்திரையைச் சின்னதாக நினைக்கவில்லை. 'மர்மதேசம்', 'கஸ்தூரி', 'செல்லமே' என சீரியல்களிலும் வலம் வந்தார். தியேட்டருக்கே போகாத பாட்டிகளுக்கும் அவர் 'நம்ம வீட்டு மனுஷர்' ஆனது இப்படித்தான். யூடியூப் தலைமுறைக்கும் அவரைத் தெரியும். சென்னை பேட்மேனின் ஆல்ஃபிரட்டாக வந்து கலகலக்க வைத்தவராயிற்றே!

2024 நவம்பர் 9-ம் தேதி இரவு, சென்னை ராமாபுரம் வீட்டில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 80. திரையுலகினர் திரண்ட அந்த வீட்டுக்கு விமானப்படையினரும் வந்து மரியாதை செலுத்தினர். மேடைக்காக 50 வருடங்களுக்கு முன்பு அவர் விட்டுவிட்டு வந்த வேலை, கடைசி நாளில் அவரைத் தேடி வந்து வழியனுப்பியது.

அடுத்த முறை டி.வி-யில் அந்தக் கல்யாண வீடு வரும்போது, மணி ஐயரின் கண்களைக் கவனித்துப் பாருங்கள். வசனம் இல்லாத இடத்திலும் நடித்துக்கொண்டிருப்பார்!