‘எப்போ ஆஃப் ஆகுது?’

ஜி.எஸ்.டி. ரிட்டர்னைப் பாதி நிரப்பியிருக்கும்போது திரை கறுக்கிறது, விசிறிச் சத்தம் நிற்கிறது. பட்டனைத் தட்டினால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஆன் ஆகிறது. டெஸ்க்டாப் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான தொல்லை இது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “விண்டோஸைப் புதுசா போட்டுடலாம்” என்பார் ஒருவர். “எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும்” என்று பவர் சப்ளையைக் கைகாட்டுவார் இன்னொருவர். இரண்டும் ஊகம்தான். கைதேர்ந்த மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: “எப்போ ஆஃப் ஆகுது?”

சொல்லிவிட்டு அணைகிறதா?

‘ஷட்டிங் டவுன்’ என்று காட்டிவிட்டு அணைந்தால், அது விண்டோஸ் வழியாக நடந்த வேலை. அப்டேட்டாக இருக்கலாம், யாரோ வைத்த டைமராக இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, 60 விநாடி கவுன்ட் டவுன் காட்டியே கணினிகளை ரீஸ்டார்ட் ஆக வைத்தது.

ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதற்குள் ‘சிஸ்டம்’ பட்டியலைப் பாருங்கள். 1074 என்ற எண் இருந்தால், அணைக்கச் சொன்ன புரோகிராம் எது என்பதும் அங்கேயே இருக்கும். ‘கர்னல் பவர் 41’ என்றிருந்தால் சொல்லாமல் அணைந்திருக்கிறது. இதைப் பார்த்ததுமே பவர் சப்ளை பழுது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால், ‘போன தடவை ஒழுங்காக அணையவில்லை’ என்று அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு மட்டுமே அது. அதன் ‘டீட்டெயில்ஸ்’ பகுதியில் ‘பக்செக் கோட்’ பூஜ்யமாக இல்லையென்றால் நீலத்திரைப் பிழை வந்திருக்கிறது. டிரைவர், ராம் பக்கம் தேட வேண்டும். பூஜ்யமென்றால் வெப்பம், மின்சாரம் இரண்டின் மீதும்தான் முதல் சந்தேகம்.

நாலைந்து விநாடியில் அணைந்தால்

பவர் பட்டனைச் சுமார் 4 விநாடி அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணையும். பழைய கேபினெட்டில் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால், யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாகவே மதர்போர்டு எடுத்துக்கொள்ளும். மெக்கானிக், ஆன் ஆன கையோடு அந்த சுவிட்சின் வயரை மதர்போர்டிலிருந்து உருவிப் பார்ப்பார். அதன்பின் அணையாமல் ஓடினால் சுவிட்சை மாற்றினால் போதும். இது தெரியாமல் மதர்போர்டையே மாற்றியவர்களும் உண்டு.

வேலை கொடுத்துக் கொஞ்ச நேரத்தில்

கடிதம் டைப் அடிக்கும்போது ஒன்றும் இல்லை; வீடியோ எடிட்டிங் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் அணைகிறது. உடனே ஆன் செய்தால் இன்னும் சீக்கிரமாக அணைகிறது. அரை மணி ஆறவிட்டால் பழையபடி பத்து நிமிடம் ஓடுகிறது. இது வெப்பத்தின் கையெழுத்து.

இன்டெலின் பல டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் கணினியையே அணைத்துவிடும். இந்தத் தற்காப்பின் அருமையை 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் செய்த சோதனை காட்டியது. ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் பிராசசர் மேலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து தாக்குப்பிடித்தது. ஏ.எம்.டி. அத்லான் புகைந்து கருகியது.

கேபினெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது தூசு. ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறொன்று. இன்டெல் பெட்டியோடு வரும் ஃபேனுக்கு நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அதில் ஒன்று துளையிலிருந்து விடுபட்டாலும் ஹீட் சிங்க் அந்தப் பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். ஃபேன் ஒழுங்காகச் சுற்றும், பிராசசரின் சூடு மட்டும் ஹீட் சிங்குக்குப் போய்ச் சேராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட் சிங்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் பின் கழன்றிருக்கிறது. கழற்றி மாட்டும்போது பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

லோடு ஏறிய அந்த நொடியில்

சூடாகவே நேரமில்லாமல், கேம் தொடங்கியதுமே அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சோதிக்கலாம். அதன் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். லோடு ஏறும்போது அதற்குக் கீழே சரிந்தால் கணினி நிலைக்காது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. 230 வோல்ட் கரண்ட் உள்ளே 325 வோல்ட் டி.சி.யாக மாறி கெபாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கலாம்.

மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகளையும் கவனியுங்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கெபாசிட்டர் போய்விட்டது. 2000-களின் தொடக்கத்தில் இந்தக் கோளாறு உலகம் முழுக்கப் பரவியது. ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

கரண்ட் போய் வரும்போது

லைட் ஒருமுறை சிமிட்டும்போது மட்டும் அணைந்தால், கணினியில் குறை இருக்க வேண்டியதில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லி விநாடி தம் கட்டும். அதற்குள் யு.பி.எஸ். கைகொடுக்க வேண்டும். யு.பி.எஸ். பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், பின்பக்க சுவிட்ச் ‘யு.பி.எஸ்.’ மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மோடில் அது மெதுவாகத்தான் மாறும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் லூசாக இருந்தாலும் இதே கதைதான்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: அணைந்த நேரம், அப்போது செய்த வேலை, மறுபடி எவ்வளவு நேரம் ஓடியது, ஈவென்ட் வியூவரில் என்ன எண். ‘தானா ஆஃப் ஆகுது’ என்று மட்டும் சொன்னால் எதை வேண்டுமானாலும் மாற்றச் சொல்வார்கள். குறிப்போடு போய், “உங்ககிட்ட இருக்கிற நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டி ஓட்டிக் காட்டுங்க, பிரச்சினை நின்னா வாங்கிக்கறேன்” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் தயங்க மாட்டார்.