மணலில் காற்றை ஏன் இறக்க வேண்டும்?

மாமல்லபுரம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு மணலில் ஓட்ட விலையுயர்ந்த ஜீப் தேவையில்லை. பழைய மாருதி ஜிப்ஸி போதும். எடை சுமார் ஒரு டன். அதுதான் அதன் பலம்.

ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. டயரில் 28 பிஎஸ்ஐ காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம். ஆகவே தரையில் படும் இடம் சுமார் 125 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அளவு. காற்றைப் பாதியாக்கினால் டயர் சப்பிப் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், பெரும்பாலும் நீளவாக்கில். ஒட்டகத்தின் பாதம்போலத்தான். சக்கரம் குறைவாகப் புதைவதால், முன்னால் மணல்மேட்டைத் தள்ள வேண்டியதில்லை. இன்ஜினுக்கும் பாரம் குறையும்.

ஜிப்ஸியைச் செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது முதலில் சேஸிஸுக்கு அடியில் குனிந்து பாருங்கள். உப்புக்காற்று அரித்த இரும்பைப் புதுப் பெயின்ட் மறைத்திருக்கும். லோ ரேஞ்ச் கியர் விழுகிறதா என்றும் ஓட்டிப் பாருங்கள். மிஞ்சும் பணத்தில் அலங்கார விளக்கு வேண்டாம். பிரஷர் கேஜும் சிறு கம்ப்ரஸரும் வாங்குங்கள். சப்பிய டயரோடு ஈசிஆர் சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கலாம்.

கடற்கரையில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் அது.