வீட்டிலிருந்தே மருத்துவ ஆலோசனை: வைஃபை இணைப்பைச் சரியாக அமைத்துக்கொள்வது எப்படி?

இதயச் செயலிழப்புக்காக எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பெரியவர் ஒருவரைச் சில காலத்துக்கு முன்பு காணொலி வழியாகப் பார்த்தோம். அவருடைய மகள் மடிக்கணினியைப் படுக்கையறைக்கு எடுத்துச் சென்றிருந்தார். “நல்லா இருக்கேன் டாக்டர்” என்றார் பெரியவர். குரல் வந்தது, முகம் அசையாமல் நின்றுவிட்டது. கணுக்காலைக் காட்டச் சொன்னோம். திரையில் தெரிந்தவை வெறும் வண்ணச் சதுரங்கள். மகளிடம் கேட்டபோது, “கொஞ்சம் வீங்கின மாதிரிதான் இருக்கு, எப்பவும் இருக்கிறதுதான்” என்றார்.

வேறு வழியின்றி அவரைக் கூடத்துக்கு வரச் சொன்னோம். அங்கே படம் தெளிவாக வந்தது. இருபது அடி நடந்து வந்தவரால் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி முடிக்க இயலவில்லை. காலில் விரலால் அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. அன்று மாலையே அவரை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டோம்.

அந்த வீட்டில் இணைய வசதி இருந்தது. மடிக்கணினியும் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் ரவுட்டர் கூடத்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது; நோயாளியோ இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருந்தார். நடக்கவே இயலாத ஒருவராக அவர் இருந்திருந்தால், அன்று எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பதிவு பெற்ற மருத்துவர்கள் காணொலி, தொலைபேசி, எழுத்து ஆகியவற்றின் வழியாக ஆலோசனை வழங்குவதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. அதன் பிறகு எங்கள் தொடர் சிகிச்சையில் ஒரு பகுதி உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. மூச்சின் வேகம், உதட்டின் நிறம், கழுத்து நரம்பின் புடைப்பு, கால் வீக்கம், அறுவைப் புண்ணின் நிலை ஆகியவற்றை நாங்கள் கண்ணால் பார்த்தே கணிக்கிறோம். ஆகவே வீட்டு வைஃபையும் சிகிச்சையின் ஒரு கருவியே. அதைத் தொலைக்காட்சியின் வசதிக்காக அல்ல, நோயாளியின் படுக்கையைக் கருதி அமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோளாறு எங்கே இருக்கிறது?

இணைய இணைப்பு வேறு, வைஃபை வேறு. இணைய நிறுவனத்தின் கம்பி உங்கள் வீட்டு ரவுட்டர்வரை வருகிறது. அங்கிருந்து மடிக்கணினிவரை தகவலைச் சுமந்து செல்பவை வானொலி அலைகள். படம் தடைப்பட்டால் பலரும் உடனே அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறுகிறார்கள். பல வேளைகளில் கோளாறு கடைசி இருபது அடியில்தான் இருக்கும்.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மடிக்கணினியை ரவுட்டருக்கு அருகில் வைத்து உறவினர் ஒருவருடன் காணொலியில் பேசுங்கள். பிறகு நோயாளியின் கட்டிலருகே சென்று அதையே மீண்டும் செய்யுங்கள். இரண்டு இடங்களிலும் படம் தடைப்பட்டால் குறை இணைய இணைப்பில் இருக்கக்கூடும், நிறுவனத்திடம் தெரிவியுங்கள். ரவுட்டர் அருகே நன்றாக இருந்து கட்டிலருகே மட்டும் தடைப்பட்டால், வைஃபை அங்கே போதிய வலுவுடன் எட்டவில்லை என்று பொருள். காணொலி ஆலோசனைக்கு நொடிக்கு 2 முதல் 3 மெகாபிட் வேகம் பொதுவாகப் போதும். உங்கள் படம் எங்களை வந்தடைய, பதிவேற்ற வேகமும் அந்த அளவு இருக்க வேண்டும்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

இணைப்புத் தர வருபவர் கம்பி நுழையும் மூலையிலேயே ரவுட்டரைப் பொருத்திவிட்டுச் செல்வது வழக்கம். அங்கேயே அது இருக்க வேண்டும் என்பதில்லை. சற்று நீளமான கம்பி கேட்டு வாங்கி, வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், திறந்த அலமாரித் தட்டில் வையுங்கள். இரும்பு பீரோ, குளிர்பதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் தூண் ஆகியவை அலைகளைத் தடுக்கும் அல்லது உறிஞ்சிக்கொள்ளும். ரவுட்டருக்கும் நோயாளியின் அறைக்கும் இடையில் இவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய ரவுட்டர்கள் பலவும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டு இணைப்புகளால் அதில் நெரிசல் மிகுதி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர்கள் குறுக்கிட்டால் விரைவில் வலுவிழக்கும். நோயாளி ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5-ஐயும், இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பால் இருந்தால் 2.4-ஐயும் முதலில் முயன்று பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-ஐ ஒட்டிய அலைகளையே பயன்படுத்துகிறது. ஆலோசனை நேரத்தில் அதை இயக்காதீர்கள்.

மாடி வீடுகளில் ஒரே ரவுட்டர் போதாமல் போகலாம். முதல் ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்து மாடியில் இரண்டாவது ஒன்றைப் பொருத்துவதே உறுதியான வழி. கம்பி இழுக்க இயலாவிட்டால் அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவியைப் பயன்படுத்தலாம். அதை அலை எட்டாத அறைக்குள் வைத்துப் பயனில்லை. ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவழியில் வைக்க வேண்டும்.

மருத்துவர்கள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை: எந்தக் கம்பியும் நடைபாதையின் குறுக்கே செல்லக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர் கால் தடுக்கி விழுந்தால், சிறு அடியும் தலைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். கம்பியைச் சுவரோரமாகக் கொண்டுசென்று ஆணிப்பட்டையால் பொருத்துங்கள்.

பூட்டி வைக்க மறவாதீர்கள்

உங்கள் மடிக்கணினியில் பரிசோதனை அறிக்கைகளும் வங்கி விவரங்களும் இருக்கின்றன. ரவுட்டருடன் வந்த கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றிவிடுங்கள். வைஃபையில் இணைவதற்கான சொல் ஒன்று, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கான சொல் இன்னொன்று; இரண்டையும் மாற்ற வேண்டும். தொலைபேசி எண், பிறந்த நாள் ஆகியவற்றைத் தவிர்க்கவும். பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.3-ஐயும், அது இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் தேர்ந்தெடுக்கவும். நலம் விசாரிக்க வருவோருக்காக விருந்தினர் இணைப்பு ஒன்றைத் தனியாக அமைத்துக்கொண்டால், வீட்டின் கடவுச்சொல்லை எல்லோரிடமும் சொல்ல நேராது.

மாற்றிய கடவுச்சொல்லை, நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த மகன் வெளியூரில் இருக்கும் நாளில்தான் அது தேவைப்படும். வைஃபை வழியாக எங்களுக்குத் தகவல் அனுப்பும் கருவி ஏதேனும் வீட்டில் இருந்தால், கடவுச்சொல்லை மாற்றியவுடன் அதையும் மறுபடி இணைக்க வேண்டும். இல்லையேல் எந்த அறிகுறியும் காட்டாமல் அது தகவல் அனுப்புவதை நிறுத்திவிடக்கூடும்.

மருத்துவமனையிலிருந்து பேசுவதாகக் கூறி ஓ.டி.பி. கேட்பவரையும், உங்கள் கணினியைத் தாம் இயக்குவதற்கான செயலியை நிறுவச் சொல்பவரையும் நம்பாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் அளியுங்கள்.

மின்சாரம் நின்றால்?

மடிக்கணினியில் மின்கலம் உண்டு. ரவுட்டரில் பொதுவாக இல்லை. ரவுட்டரை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் பொருத்துங்கள், அல்லது ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். வாங்குங்கள். வாங்கும் முன் ரவுட்டரின் அடியில் குறிக்கப்பட்டுள்ள வோல்ட் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் இணைப்பில் தனிப்பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும்.

ஆக்சிஜன் செறிவூட்டியைச் சுவர் பிளக்கில் நேரடியாகவே பொருத்த வேண்டும். ரவுட்டரும் மடிக்கணினியும் செருகிய நீட்டிப்புப் பெட்டியில் அதையும் சேர்த்துச் செருகுவது ஆபத்து.

இணையம் முழுவதுமாக நின்றுபோனால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் உதவும். அதை இயக்கும் முறையை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் இரு கேள்விகள்

பேஸ்மேக்கர் உள்ளவர் வைஃபை உள்ள வீட்டில் இருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். ரவுட்டருக்கும் மார்பில் பொருத்திய கருவிக்கும் இடையில் 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி இடைவெளி போதும். நடைமுறையில் எவரும் அதைவிட நெருங்குவதில்லை. மாறாக, மடிக்கணினியை மார்பின்மேல் சாய்த்துக்கொண்டு படிப்பதைத் தவிர்க்க வேண்டும். பல மடிக்கணினிகளில் மூடியைப் பிடித்து வைக்கக் காந்தங்கள் உள்ளன. அவை மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கரின் இயக்கத்தைத் தற்காலிகமாக மாற்றவும், இதய அதிர்வுக் கருவி தேவையான நேரத்தில் அதிர்வு தருவதைத் தடுக்கவும் கூடும். மேசைமேல் வைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

வைஃபை அலைகளால் புற்றுநோய் வருமா?

இவை எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களைச் சிதைக்கும் ஆற்றல் உள்ளவை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானொலி அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை’ என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. அதற்கு முதன்மையான அடிப்படை, தலையருகே வைத்துப் பேசும் கைப்பேசி குறித்த ஆய்வுகள். அந்தச் சான்றுகளும் வரம்புக்குட்பட்டவை என்று முகமையே கூறியது. சில அடி தொலைவில் உள்ள ரவுட்டரிலிருந்து நம்மை அடையும் அளவு மிகக் குறைவு. அதற்காக நோயாளியின் அறைக்கு இணைப்பை மறுக்க வேண்டியதில்லை.

ஆலோசனைக்கு முந்தைய நாள்

நோயாளி வழக்கமாக இருக்கும் இடத்திலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வெளிச்சம் முகத்தின்மேல் விழட்டும். சன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். அன்றைய எடை, இரத்த அழுத்தம், மருந்துப் பட்டியல் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆலோசனை நேரத்தில் மற்றவர்கள் திரைப்படம் பார்ப்பதையும் பதிவிறக்கம் செய்வதையும் நிறுத்தி வைக்கட்டும். படம் தடைப்பட்டால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம், திடீரென ஒரு பக்கம் கைகால் செயலிழத்தல் ஆகியவற்றுக்குக் காணொலி ஆலோசனை பொருந்தாது. மடிக்கணினியைத் திறக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தொடக்கத்தில் கூறிய பெரியவர் எட்டு நாட்களில் நலமுடன் வீடு திரும்பினார். அவருடைய மகள் ரவுட்டரைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடைப்பட்ட நடையில், உயரமான தட்டுக்கு மாற்றினார். அதற்குச் செலவானது நீளமான ஒரு கம்பி மட்டுமே. அடுத்த ஆலோசனையில் பெரியவர் கட்டிலில் அமர்ந்தபடியே இரண்டு கால்களையும் காட்டினார். வீக்கம் வடிந்திருந்ததை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம்.