வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்து ஆலோசனை

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும், வீட்டில் தொடர வேண்டிய மருந்துகளை விளக்கிச் சொல்வதே இந்த ஆலோசனை. மருத்துவரும் செவிலியரும் செய்துவந்த இப்பணியில் இப்போது பல மருத்துவமனைகளில் பார்ம்.டி. மாணவர்களும் ஈடுபடுகின்றனர். இந்தியாவில் 2008ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தொடங்கிய ஆறாண்டுப் படிப்பு இது. இறுதி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிதான்: பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று பிரிவுகளில் தலா 2 மாதம். நோயாளிக்கு ஆலோசனை வழங்குவது மருந்தாளுநரின் பணி என்பதை 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை விதிமுறைகளும் கூறுகின்றன.

வார்டில் இருக்கும்வரை வேளை தவறாமல் மாத்திரை கைக்கு வந்துவிடும். வீட்டுக்குப் போன அன்றிரவே அந்தப் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது. கையில் இருக்கும் சீட்டோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். '1-0-1' என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். பில் கட்டவும் வண்டி பிடிக்கவும் அலைகிற குடும்பத்தாரின் காதில் அவசரமாகச் சொல்வது ஏறாது. ஆகவே முதல் நாளே பேசத் தொடங்குவது நல்லது.

சில மருந்துகளில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. மற்ற மாத்திரைகளைப்போல் தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவது தடைபடும். இதோடு தரப்படும் போலிக் அமில மாத்திரையும் பல வேளைகளில் அதே மஞ்சள் நிறத்தில் இருக்கும்! எனவே "வாரம் ஒருமுறை" என்று சொன்னால் போதாது. மருத்துவர் குறித்த கிழமையைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், வலி இல்லையே என்று குளோபிடோக்ரலைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறையக்கூடும்.

வீட்டிலுள்ள பழைய மாத்திரைகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அப்படி வந்த அம்லோடிபின் வீட்டில் இருக்க, புதிய சீட்டில் அதே மருந்து ஒரு கம்பெனிப் பெயரில் இருந்தால், இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுபவர்கள் உண்டு. இரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழ இதுவே போதும். பழைய மாத்திரைகளைப் பையோடு கொண்டுவரச் சொல்லிச் சீட்டோடு ஒப்பிடுவதுதான் இதற்கு வழி.

"புரிந்ததா?" என்ற கேள்வியால் பயனில்லை. வகுப்பில் அப்படிக் கேட்டால் மொத்த வகுப்பும் "புரிந்தது ஐயா" என்றுதான் சொல்லும். விடைத்தாளில்தான் உண்மை தெரியும். "அம்மா, நாளைக் காலையில் எதை எதைச் சாப்பிடுவீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டு, நோயாளியே எடுத்துக் காட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிழை இருந்தால் கடிந்துகொள்ளாமல் மறுபடி விளக்க வேண்டும். இன்ஹேலர், இன்சுலின் ஊசி போன்றவற்றை அவர் கையாலேயே செய்துகாட்டச் செய்ய வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும், இன்சுலினை உறைபெட்டியில் வைக்கக்கூடாது என்பவற்றையும் அப்போதே சொல்லிவிடலாம். வீட்டில் மாத்திரை எடுத்துத் தருபவர் மருமகளோ பேரனோ என்றால் அவரும் அங்கே இருக்க வேண்டும்.

மாணவர் எந்த மருந்தின் அளவையும் தாமாக மாற்றக்கூடாது. சீட்டில் ஐயம் எழுந்தால் நோயாளியிடம் சொல்லிக் கலவரப்படுத்தாமல், மேற்பார்வையிடும் மருந்தாளுநர் வழியாக மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். "இவ்வளவு விலைக்கு வாங்க முடியாது தம்பி" என்று நோயாளி சொன்னால் அதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குறைந்த விலையில் கிடைக்கும் பொதுப்பெயர் மருந்தை அவர் எழுதித் தரக்கூடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுக்கலாம்.