பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள்!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகக் குடியிருக்கும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஜன்னல் கம்பிக்கு என்னதான் பெயிண்ட் அடித்தாலும், சீக்கிரத்திலேயே துரு எட்டிப் பார்க்கும். கடற்காற்றின் உப்பு அப்படி! அந்த உப்பு ஜன்னலோடு நின்றுவிடுமா? அடுப்படிக்குள்ளும் வரும். காபி பில்டர், கெட்டில், முறுக்கு அச்சு, மிக்ஸி எல்லாவற்றின் மேலும் படியும். அதனால், மற்ற ஊர்க்காரர்கள் அதிகம் கவலைப்படாத சில விஷயங்களை நாம் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில் விடியற்காலை நாலரைக்கும் காபி வேண்டும். ராத்திரி பத்தரைக்கும் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும். ‘ஒரு மெஷின் இருந்தால் சௌகரியமாக இருக்குமே’ என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் வாங்கும்முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் சுலபமாகக் கழுவித் துடைக்க முடியுமா? பழுதானால் பக்கத்திலேயே சரிபார்க்க ஆள் உண்டா? கரண்டு சாமானானால், அதைத் தாங்கும் பிளக் பாயிண்ட் நம் வீட்டில் இருக்கிறதா?

காபி பில்டர்

நம் வீட்டுக் காபிக்கு எவர்சில்வர் பில்டரை மிஞ்ச ஒன்றுமில்லை. கரண்டு வேண்டாம், ரிப்பேர் கிடையாது. ஆனால் எவர்சில்வரிலும் ரகங்கள் உண்டு. 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். உப்பை ஓரளவு தாங்குவது இதுதான். 201, 202 ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். விலை மலிவு, ஆனால் கடலோரத்தில் சீக்கிரம் புள்ளி விழும். ‘காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ரகம்’ என்று கடையில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். 202-லும் காந்தம் சரியாக ஒட்டாது! பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2024-ல் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த முத்திரையையும் தேடிப் பாருங்கள்.

பெரிய பில்டர் ஒன்றை விடச் சின்னது இரண்டு மேல். பெரிய பில்டரில் கொஞ்சம் தூள் போட்டால் தண்ணீர் சட்டென்று இறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துப் போகும். சின்னது இரண்டிருந்தால், காலை ஷிப்டுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று அவ்வப்போது புதிதாகப் போடலாம். மேல் அடுக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளைகள் எல்லாம் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு அடுக்கும் ஆடாமல் பொருந்த வேண்டும். தினமும் கழுவியதும் துடைத்துக் காய வைத்தால் போதும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

தூள் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். எவ்வளவு கலந்திருக்கிறது என்று அச்சிட்டிருக்க வேண்டும். பில்டர் நல்லதாக இருந்தும் காபி சரியில்லை என்றால், குற்றம் தூளில் இருக்கலாம் அல்லவா?

பாட்டி காலத்துப் பித்தளை பில்டர் வைத்திருப்பவர்கள், உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாம் ‘ஈயம்’ என்று சொன்னாலும், பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் உடம்புக்கு விஷம். முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பித்தளை, ஹிண்டாலியம், அலுமினியப் பாத்திரங்களில் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்குவதாக அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2025-ல் எச்சரித்தது. ஆகவே, பூச்சு தேய்ந்த பித்தளையில் சூடான டிகாக்‌ஷன் வேண்டாம். தெரிந்த ஆளிடம் பூசிக்கொண்டு பிறகு உபயோகியுங்கள்.

கெட்டிலும் காபி மெஷினும்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நினைத்த நேரத்தில் வெந்நீர் வேண்டும். கெட்டில் அதற்குச் சௌகரியம். 1500 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் நாலு நிமிஷத்தில் கொதிக்கும். செலவாவது பத்தில் ஒரு பங்கு யூனிட்தான். ஆனால், கவனிக்க வேண்டியது வேறு. 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் கரண்டு இழுக்கும். டி.வி.க்கும் பேனுக்கும் போட்டிருக்கும் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். அதில் சொருகினால் பிளக் சூடேறி, கருகி, தீப்பிடிக்கவும் கூடும். மிக்ஸியோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவது இன்னும் ஆபத்து. 16 ஆம்பியர் பாயிண்ட் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மூன்று பின்னில் பெரியது எர்த். அதை வெட்டிவிட்டு இரண்டு பின்னாகச் சொருகுவது உயிரோடு விளையாடுவது. மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் ஏறும் பழைய வீடுகளில், மிக்ஸியைத் தொட்டதும் ‘சுரீர்’ என்கிறதா? ‘செருப்பு போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போடச் சொல்லுங்கள். கசிவு ஏற்பட்டால் அது கண்ணிமைப்பதற்குள் கரண்டைத் துண்டிக்கும். கெட்டிலின் ஒயர் மேடையிலிருந்து தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவழும் குழந்தை இழுத்தால் கொதிநீர் தலையில் கொட்டும்.

மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல ஆண்டுக் கதை. நம் பகுதியிலும் பல வீடுகளில் போர் தண்ணீர் கரிப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலின் அடியில் வெள்ளையாகக் காரை படியும். காபி மெஷினின் குழாய் அடைத்துக்கொள்ளும். குடிதண்ணீரையே ஊற்றுங்கள். காரை பிடித்தால், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரைமணி ஊறவைத்துக் கழுவினால் விட்டுவிடும். உள்ளே கையும் பிரஷும் போகாத மெஷினை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பலகாரத்துக்கு

முதலில் வாங்க வேண்டியது நல்ல முறுக்கு அச்சு. முறுக்கு, ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா, இடியாப்பம் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும். தட்டுகள் கனமாக இருக்கட்டும். கட்டை இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் பிழியும்போது மாவு மேல்பக்கம் ஏறிவிடும். கைவலி உள்ளவர்களுக்குத் திருகு அச்சு நல்லது. தண்ணீரில் ஊறப்போடாமல், கழுவியதும் துடைத்து வையுங்கள்.

குக்கர் இருந்தால் சுண்டலுக்கு வேறு சாமானே வேண்டாம். கொண்டைக்கடலை, பட்டாணி வேகவைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துப் பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரையும் தோலும் ஆவித் துவாரத்தை அடைத்துவிடும். குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2020-லேயே உத்தரவு வந்தாகிவிட்டது. முத்திரை இல்லாத குக்கர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஏர் ஃப்ரையரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது சூடான காற்றைச் சுழலவிட்டு வேகவைக்கும் சின்ன அடுப்பு, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு, மீன் துண்டு, ஆறிப்போன சமோசாவுக்குச் சரி. பஜ்ஜி மாவு அதில் வழிந்து ஒட்டிக்கொள்ளும். உளுந்து வடையும் எண்ணெயில் பொரித்தது மாதிரி வராது. உங்கள் வீட்டில் எது அடிக்கடி செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மிக்ஸியைப் பொறுத்தவரை, ஜாருக்குப் பிளேடும் வாஷரும் நம் பகுதியிலேயே கிடைக்கிற ரகமாக வாங்குங்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸித் திட்டத்தில் வந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறதா? ஒயரும் எர்த்தும் நன்றாக இருந்தால் அதுவே போதும். காபிக்கொட்டை அரைக்கத் தனி ஜார் ஒன்று வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

தவணையில் தருகிறார்கள் என்பதற்காக எதையும் வாங்கிவிடாதீர்கள். நல்ல பில்டர், முறுக்கு அச்சு, முத்திரையுள்ள குக்கர் இந்த மூன்றும் இருந்தால் ஷிப்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் குறையில்லை. மிச்சமாகும் பணத்தில் முதல் செலவாக வீட்டு எர்த்தைச் சரிபார்த்துவிடுங்கள். கெட்டிலை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.