பரணில் கிடக்கும் பிரௌனிங்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டபோது வாஞ்சிநாதனின் கையில் இருந்தது, பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அந்த நிகழ்வைப் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆயுதத்தின் வகையைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அதே வகைத் துப்பாக்கிகளில் ஒன்று இன்று ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது.

ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் லியேஜ் நகரையொட்டிய ஹெர்ஸ்டாலில் தயாரான இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை '1900 மாதிரி'. நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஏழு தோட்டாக்கள் கொள்ளும். இதற்கென உருவான 7.65 மில்லிமீட்டர் தோட்டா சிறியது, விசை குறைந்தது. ஆகவே சுடும்போது பின்னோக்கி வரும் உந்துதலைத் தாங்கச் சிக்கலான பூட்டு எதுவும் தேவைப்படவில்லை. மேல்பகுதியின் எடையும் ஒரு சுருள்வில்லும் போதுமானவையாக இருந்தன. எளிய அமைப்பு, குறைந்த அதிர்ச்சி, சட்டைக்குள் மறையும் அளவு. பல ஆண்டுப் பயிற்சி இல்லாதவரும் இதைக் கையாள முடிந்தது. இதுபோன்ற சிறு துப்பாக்கிகள் ஐரோப்பிய நகரங்களில் கடைச் சரக்காகவே விற்றன.

பிரிட்டிஷ் இந்தியாவில் நிலைமை வேறு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. எனவே ஆயுதங்கள் மறைவாகத்தான் வந்தன. 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரௌனிங்குகள் ஒரு பெட்டியின் போலி அடித்தட்டில் ஒளிக்கப்பட்டுப் பம்பாய்க்கு வந்தன. அவற்றில் ஒன்று அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனின் உயிரைப் பறித்தது. தெற்கே புதுச்சேரி இருந்தது. பிரிட்டிஷ் சட்டம் செல்லாத, கடல் வழி திறந்திருந்த பிரெஞ்சு மண் அது. லண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கருடன் இருந்த வ.வே.சு. ஐயர் 1910இல் இங்கு வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதன் இவ்வூருக்கு வந்து அவரிடம் சுடும் பயிற்சி பெற்றார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கருவடிக்குப்பத் தோப்புகளைப் பயிற்சி நடந்த இடமாகக் காட்டுவது ஊர் வழக்கு.

ஒரு விந்தை: அந்த 7.65 மில்லிமீட்டர் தோட்டாதான் நம் உரிமத்தாள்களில் இன்று '.32' என்று எழுதப்படுவது. ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது; .32 தடைசெய்யப்படாதது. 1980களின் நடுப்பகுதியில் தனியார் இறக்குமதிக்குக் கதவு அடைக்கப்பட்டதால், அதற்கு முன் வந்த ஐரோப்பியத் துப்பாக்கிகளுக்கு உரிமதாரர்களிடையே தனி மதிப்பு. நூற்றாண்டு கண்ட இரும்புக்கு இப்படி விலை ஏறுவது இறக்குமதித் தடையின் விளைவேயன்றி அதன் தரத்துக்குக் கிடைத்த சான்று அல்ல.

'பழையதுதானே' என்று நினைப்பதில்தான் ஆபத்து. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு சுருள்வில்லை மாற்றினால் வேலை செய்யும் பிரௌனிங் இந்த விலக்குக்குள் வராது. 2020 பிப்ரவரியில் விதிகள் திருத்தப்பட்டு, அரும்பொருள் வகையில் சேரும் சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்றாயிற்று. பயன்படுத்தவோ, உடன் கொண்டு செல்லவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் பதிவில்லாமல் தோட்டா வாங்க முடியாது. தம் பொருள் அந்த வகையில் சேருமா என்பதை உரிமையாளர் தாமாகவே முடிவு செய்துகொள்ளக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் சிறை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் அடங்கும்.

உரிமதாரர் இறந்தால், வாரிசுகள் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் தம் பெயரில் உரிமம் கோர வேண்டும். உரிய காலத்தில் மீட்கப்படாதது அரசுடைமை ஆகும். சட்டம் கறாராக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை, சிறியது என்பதால்.32 தோட்டா கொல்லாமல் விடாது என்பதற்கு மணியாச்சியே சாட்சி. ஆனால், ஒப்படைக்கப்படும் ஆயுதத்தின் வயதையும் வரலாற்றையும் ஒரு தொல்பொருள் அறிஞர் பார்த்த பிறகே அதன் முடிவு தீர்மானிக்கப்பட வேண்டும். செயலிழக்கச் செய்து அருங்காட்சியகத்தில் வைப்பதற்குத் தகுதியானது உருக்காலைக்குப் போகக் கூடாது. ஆயுதங்கள் கரையிறங்கிய ஊர் என்று வரலாற்றில் இடம்பெற்ற புதுச்சேரியே இதற்கு முன்கை எடுக்கலாம்.

அதுவரை, பரணில் ஒன்று அகப்பட்டால் விசையைத் தொடாதீர்கள். 1900 மாதிரியில் குழலுக்குள் தோட்டா இருந்தால், அதைத் தட்டும் ஊசியும் இழுபட்ட நிலையிலேயே நிற்கும்; தேய்ந்துபோன பாதுகாப்பு நெம்பை நம்ப முடியாது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்காமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். தாத்தாவின் பழைய உரிமத்தாள் அதே பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.